ஊதலாம், ஆற்றக் கூடாது

என் மகன் வீட்டில் தொலைக்காட்சியில் பந்தாட்டம் ஓடுகிற நாட்களில் தவறாமல் ஒரு வாக்குவாதம் நடக்கிறது. நடுவரை ஏசுகிறவனையும் காலை வாருகிறவனையும் ஒரேயடியாக வெளியே துரத்துவதா, கொஞ்ச நேரம் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வதா என்று. பெரிய பெரிய ஆட்களெல்லாம் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து இதை யோசிக்கிறார்களாம். புது யோசனையாம். மகன் வேண்டும் என்கிறான், மருமகள் வேண்டாம் என்கிறாள். என்னிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. வயசான பொம்பளைக்குப் பந்தாட்டத்தைப் பற்றி என்ன தெரியும் என்ற நினைப்பு.

எனக்குத் தெரியும். அந்தத் தண்டனையை எங்கள் மலையில் கையோடு நிறைவேற்றி வந்தவளே நான்தான். அந்தக் கையில் தேநீர் கொதிக்கிற கேத்தல் இருந்தது.

றொசல்ல ரயிலடியில் இறங்கி மேலே ஏறினால் எங்கள் தோட்டம். ஐம்பதுகளின் பிற்பாதி அது. எனக்குக் கலியாணம் முடிந்து பிள்ளைகுட்டி இன்னும் வராத காலம். இஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே ஒரு மைதானம் இருந்தது. மைதானம் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். மலையில் தட்டையான நிலத்துக்கு எங்கே போவது? ஒரு கோல் மேட்டில், மறு கோல் பள்ளத்தில். மேட்டிலிருந்து ஆடுகிறவர்கள் சும்மா பந்தின் பின்னால் ஓடினால் போதும், அது தானாகவே கோலைத் தேடிப் போய்விடும். கோட்டைத் தாண்டிய பந்து தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு, கீழே ஓடையில் போய் விழும். உதைத்தவனே இறங்கி எடுத்துவர வேண்டும். அவன் கால் முழுக்க அட்டைக்கடியோடு திரும்பி வரும்வரை மற்றவர்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வட்டவளைப் பக்கம் போகிற ரயிலை வேடிக்கை பார்ப்பார்கள்.

எங்கள் வீட்டு மனுஷன் தோட்ட அணியில் பின்வரிசைக்காரர். வீட்டில், அதாவது லயம் என்கிற வரிசை வீடுகளில் எங்களுக்கிருந்த ஒற்றை அறைக் காம்பராவில், அவர் பூனை. பக்கத்துக் காம்பராவில் சண்டை கேட்டால் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற ஆள். ஆனால் செய்யாத தப்பை யாராவது தன் தலையில் கட்டிவிட்டால் போச்சு. மூக்கு விடைக்கும், காது சிவக்கும், கையில் இருப்பது தரையில் போய் விழும். எங்கள் காம்பராவில் விளிம்பு நசுங்காத பாத்திரம் கிடையாது. கேத்தல் ஒன்றுதான் தப்பியிருந்தது. அது எந்நேரமும் அடுப்பில் சூடாக இருந்ததால் அவரால் தூக்க முடியவில்லை.

நடுவர், தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லி உடம்பு, வெள்ளை வேட்டி, கழுத்தில் கயிறு கட்டிய விசில். ஆட்ட விதிகளை எங்கேயோ படித்து மனப்பாடமாக வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் வேறு யாரும் அதைப் படித்ததில்லை, அதனால் அவர் சொன்னதே விதி. அந்தக் காலத்தில் சிவப்பு, மஞ்சள் அட்டை என்று எதையும் தூக்கிக் காட்டுவதில்லை. வாத்தியார் விசில் ஊதுவார், சுட்டுவிரலை நீட்டுவார், “வெளியிலை போ” என்பார். போனவன் போனவன்தான்.

அங்கேதான் தலைவலி ஆரம்பம். வெளியே போனவன் சும்மா இருப்பானா? நேரே லயத்துக்குப் போய் எதையாவது ஊற்றிக்கொண்டு, கம்போடு திரும்பி வருவான். திங்கட்கிழமை அந்தச் சண்டை மலைக்கு வரும். கொழுந்து எடுத்துக்கொண்டே இரண்டு பேருடைய பெண்சாதிமார் நிரைக்கு நிரை ஏசிக்கொள்வார்கள். ஒரு தடவை பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்று ஆட வந்திருந்தது. வாத்தியார் விரலை நீட்டி நீட்டி இரண்டு பக்கத்திலும் பாதிப் பேரை வெளியே அனுப்பிவிட்டார். அனுப்பப்பட்டவர்கள் கோலுக்குப் பின்னால் தங்களுக்குள் தனி ஆட்டம் தொடங்கினார்கள். அதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது என்று சனமெல்லாம் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டது. வாத்தியார் ஆளில்லாத மைதானத்தில் நேர்மையாக ஓடிக்கொண்டிருந்தார்.

நான் மைதானத்துக்குப் போனது ஆட்டம் பார்க்க அல்ல. ஆட்டக்காரர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். மூலைக் கொடியாக நட்டிருந்த, கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, தோட்டத்தில் எங்களுக்குக் கொடுக்கிற தூளைப் போட்டுக் கொதிக்க வைப்பேன். நல்ல தேயிலையெல்லாம் பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போய்விடும். சல்லடையில் கடைசியாகத் தங்குகிற தூசிதான் எங்களுக்கு. கறுப்பென்றால் கறுப்பு, கடுப்பென்றால் கடுப்பு. உள்ளங்கையில் கொஞ்சம் சீனியை வைத்து நக்கிக்கொண்டே குடித்தால்தான் உள்ளே இறங்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் மேலே விரல் நீண்டது. அவர் பந்தைத்தான் உதைத்தாராம், எதிராளியின் முழங்கால் நடுவில் வந்துவிட்டதாம். மூக்கு விடைத்தது. காது சிவந்தது. நான் எழுந்துவிட்டேன். காலையில்தான் புதுச் சட்டி வாங்கி வைத்திருந்தேன்.

“வாத்தியாரய்யா, இந்த மனுசன இப்ப லயத்துக்கு அனுப்பாதீங்க. ஒரு பாத்திரம் மிஞ்சாது” என்று அடுப்படியிலிருந்தே கத்தினேன்.

“விதியெண்டால் விதிதான் பிள்ளை. நான் என்ன செய்யிறது?”

“வெளிய போவணும், அவ்ளோதானங்க விதி? இந்தா, கோட்டுக்கு வெளியதான் நான் இருக்கேன். இங்க வந்து உக்காந்து ஒரு தேத்தண்ணி குடிக்கட்டும். குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கோவம் எறங்கிரும். அப்பறம் எடுத்துக்குங்க.”

வாத்தியார் யோசித்தார். ஏற்கெனவே இரண்டு பேரை அனுப்பியாகிவிட்டது. இவரும் போனால் ஆட்டம் இல்லை. ஆட்டம் இல்லாவிட்டால் விசில் இல்லை. அந்த விசிலில் வாத்தியாருக்கு இருந்த ஆசை ஊரறிந்தது.

“சரி, குடிச்சு முடிச்ச பிறகு வரட்டும். ஆனால் கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்க வேணும்” என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதல் மடக்கில் வாத்தியாரை ஏசினார். அடுத்த மடக்கில் எதிராளியை ஏசினார். பாதிக் கோப்பையில் “முழங்காலு கொஞ்சம் பட்டிருக்கும்தான்” என்றார். கோப்பையைக் கவிழ்த்து வைக்கும்போது சிரித்துவிட்டார். எழுந்து போய் அந்த ஆளின் முழங்காலைத் தடவிக் கொடுத்துவிட்டு ஆடத் தொடங்கினார். அன்றைக்கு எங்கள் புதுச் சட்டி தப்பியது.

அதற்குப் பிறகு அதுவே எங்கள் மைதானத்துச் சட்டமாகிவிட்டது. வாத்தியார் விரலை நீட்டி, “ஒரு தேத்தண்ணி!” என்று கூவுவார். பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பையன்கள் ஆட வந்தால், “தே எக்க பீலா வரெங்” என்று தங்கள் ஆளைத் தாங்களே என் பக்கம் தள்ளிவிடுவார்கள், தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வா என்று. தண்டனைக்கென்று நீல எனாமல் கோப்பை ஒன்றைத் தனியாக வைத்திருந்தேன். ஒரே நேரத்தில் இரண்டு பேர் வந்தால் ஒருவன் குடித்து முடிக்கும்வரை மற்றவன் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறவன் “சீக்கிரம் குடிடா” என்று குடிக்கிறவனோடு சண்டை பிடிப்பான். அதற்கு அவனுக்கு இன்னொரு கோப்பை.

சட்டம் என்று ஒன்று வந்தால் அதில் ஓட்டை போடவும் ஆள் வரும். எங்கள் அணியில் ஒருவனுக்குத் தொண்டையில் சூடே தெரியாது. கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு ஓடிவிடுவான். காலை வாரிவிட்டு வந்தவன், விழுந்தவன் எழுந்திருப்பதற்குள் திரும்பி வந்து மறுபடியும் வாரினான். எங்கள் கோல் காவலன் இன்னொரு ரகம். மழையும் குளிருமான நாட்களில் வேண்டுமென்றே யாரையாவது கட்டிப்பிடித்துத் தள்ளிவிட்டு, விசில் ஊதுவதற்கு முன்பே என் அடுப்படிக்கு வந்து கையை நீட்டுவான், சீனிக்கு. தண்டனைத் தேத்தண்ணிக்குச் சீனி கிடையாது என்று அன்றைக்கு அறிவித்தேன். அதோடு அவனுக்குப் புத்தி வந்தது.

வலப்பனையிலிருந்து வந்த அணி வேறு புகார் கொண்டுவந்தது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் நான் ஆற்றிக் கொடுக்கிறேனாம், தங்கள் ஆட்களுக்குக் கொதிக்கக் கொடுக்கிறேனாம். அபாண்டம். வீட்டில் அவருக்கு ஆற்றிக் கொடுப்பேன், உண்மை. இரண்டு கோப்பையில் மாற்றி மாற்றி ஊற்றி நுரை வரும்வரை ஆற்றிக் கொடுத்தே பழக்கிவிட்டேன். மைதானத்தில் அப்படிச் செய்ததில்லை. ஆனாலும் வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, இரண்டு அணியையும் வரிசையாக நிறுத்தி வைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

“எல்லாருக்கும் ஒரே கேத்தல், ஒரே கோப்பை. ஊதலாம். ஆற்றக் கூடாது.”

இதுதான் எங்கள் மலையின் சட்டம். இன்றைக்குக் கோட்டுப் போட்டவர்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எத்தனை நிமிடம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கோபத்துக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா? என் கருத்தைக் கேட்டால், அடுப்பிலிருந்து இறக்கிய தேத்தண்ணி குடிக்கிற பதத்துக்கு வர எவ்வளவு நேரமோ, மனுஷன் பேசுகிற பதத்துக்கு வரவும் அவ்வளவு நேரம்தான். கேட்கத்தான் ஆளில்லை.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் தோட்டத்தை நிர்வகிக்கிற பெரியதுரைக்குக் கீழே புதிய சின்னத்துரை வந்தார். சீமையிலிருந்து வந்து வருஷம் திரும்பவில்லை. பூனைமயிர் மீசை. தமிழில் முதலில் கற்றுக்கொண்டது ஏசுகிற வார்த்தைகளை. பந்தாட்டப் பைத்தியம். வந்த உடனேயே எங்கள் அணியில் முன்வரிசையில் சேர்ந்துவிட்டார். எல்லாரும் வெறுங்காலோடு ஆட, அவர் மட்டும் பூட்ஸ் போட்டு ஆடுவார். அவர் பக்கத்தில் வந்தால் எதிர் அணி தானாகவே ஒதுங்கிக்கொள்ளும், பயத்தால் பாதி, பூட்ஸால் பாதி.

ஒரு வியாழக்கிழமை கவ்வாத்து மலையில் சின்னத்துரை சுற்றி வந்திருக்கிறார். செடியைத் தாறுமாறாக வெட்டியிருப்பதாகச் சொல்லிக் கைத்தடியால் ஒரு செடியைக் குத்தினாராம். அது எங்கள் வீட்டுக்காரர் வெட்டிய செடி அல்ல, பக்கத்து நிரை. “இது என் நெர இல்லீங்க தொரை” என்று இவர் சொல்ல, சின்னத்துரை தனக்குத் தெரிந்த தமிழில் “மாடு” என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். மூக்கு, காது, அப்புறம் கை. கவ்வாத்துக் கத்தி தரையில் போய்க் குத்திக்கொண்டு நின்றது. பூட்ஸுக்குப் பக்கத்தில்தான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. சின்னத்துரையின் முகம் மட்டும் சுண்ணாம்பாகிவிட்டதாம்.

பத்துச்சீட்டு என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

வெளியாட்களுக்கு இது விளங்காது. பெரட்டுக்களத்தில் காலையில் பேர் கொடுக்க நிற்கும்போது பிந்தி வந்தாலோ எதிர்த்துப் பேசினாலோ கணக்கப்பிள்ளை அன்றைக்கு வேலை இல்லையென்று விரட்டுவார். மறுநாள் சேர்த்துக்கொள்வார். அது சின்னத் தண்டனை. பத்துச்சீட்டு அப்படியல்ல. தோட்டத்தை விட்டே போகச் சொல்லிக் கொடுக்கிற சீட்டு. வேலை போகும், கூடவே காம்பராவும் போகும். துரைமேல் கத்தி வீசியவன் என்று பேரெடுத்தவனை அடுத்த தோட்டமும் சேர்க்காது. வா என்று கூப்பிட ஒரு ஊர் இல்லை. இந்த நாட்டுக்காரர் என்று ஒத்துக்கொள்ள இங்கே ஆளில்லை, பாட்டன் விட்டு வந்த இந்தியாவில் யார் வீடு எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. ரயிலில் ஏறினால் எந்த நிலையத்தில் இறங்குவது என்பதே கேள்வி.

பெரியதுரை அட்டனுக்குப் போயிருந்தார். திங்கட்கிழமை பெரட்டில் முடிவு சொல்வார் என்றார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூண்டுலோயாத் தோட்டத்தோடு ஆட்டம். அந்தத் தோட்டத்துத் துரையோடு எங்கள் பெரியதுரை ஒரு விஸ்கிப் போத்தல் பந்தயம் கட்டியிருந்தார். எனவே சனிக்கிழமை அவர் திரும்பி வந்த கையோடு கணக்கப்பிள்ளை எங்கள் காம்பரா வாசலில் வந்து நின்று, வெற்றிலையைத் துப்பிவிட்டு, செய்தியைச் சொன்னார்.

“பத்துச்சீட்டு திங்கக்கெழமதானாம். ஞாயித்துக்கெழம ஆட வரணுமாம். பெரிய தொரை சொல்லச் சொன்னாரு.”

துரத்தப் போகிற ஆளையே கூப்பிட்டு ஆடச் சொல்கிற நியாயத்தைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. கணக்கப்பிள்ளை போகும்போது மெதுவாக என்னிடம், “ஆட்டத்துல கோவப்படாம இருக்கச் சொல்லும்மா. பெரிய தொரை பாத்துக்கிட்டு இருப்பாரு. நல்ல மனுசன்னு தோணுச்சுன்னா ஏதாச்சும் நடக்கும்” என்றார்.

அன்றே நான் சாமான்களைக் கட்டத் தொடங்கினேன். எங்களுக்கு இருந்ததெல்லாம் ஒரு சாக்குக்குள் அடங்கியது. “ஏன் புள்ள இப்பவே கட்டுற?” என்றார் அவர். “திங்கக்கெழம மழ பேஞ்சா?” என்றேன். கேத்தலையும் நீலக் கோப்பையையும் மட்டும் வெளியே வைத்தேன், ஞாயிற்றுக்கிழமைக்காக.

அந்த ஆட்டத்தைப்போல ஒரு கண்றாவியை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்காரர் கோயில் மாடுபோல நடந்துகொண்டார். எதிராளி காலை மிதித்தால் “பரவால்லீங்க” என்றார். முழங்கையால் இடித்தால் ஒதுங்கி வழிவிட்டார். பூண்டுலோயாக்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு சந்தேகப்பட்டார்கள், பிறகு ஒரு கை பார்த்துவிட்டார்கள். ஒருவன் காதைப் பிடித்துக்கூட இழுத்தான். எங்கள் லயத்துச் சனம் “அட பொட்டப்பய மவனே” என்று எங்கள் ஆளையே ஏசியது. நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அடுப்பை ஊதினேன். எனக்கு ஓடிப்போய் நானே அந்தப் பயலின் காதைத் திருக வேண்டும்போல் இருந்தது.

பெரியதுரை மேட்டில் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் தன் திறமையைக் காட்ட சின்னத்துரை துடித்துக்கொண்டிருந்தார். பந்தோடு பறந்து வந்தவரை பூண்டுலோயாக்காரன் ஒருவன் காலை நீட்டி வாரிவிட்டான். துரை என்று தெரிந்துதான் செய்தானா, மழைச்சேற்றில் தெரியாமல் செய்தானா, தெரியவில்லை. சின்னத்துரை முகம் குப்புற விழுந்து, மீசையிலிருந்து பூட்ஸ் வரை சேறாகி எழுந்தார். பார்த்துக்கொண்டிருந்த கொழுந்துப் பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அவருக்கு மூக்கு விடைத்தது. காது சிவந்தது. எனக்கு அந்த அடையாளம் நன்றாகத் தெரியும். கை நீண்டு அந்த ஆளின் தாடையில் இறங்கியது.

விசில் சத்தம்.

வாத்தியாரின் வேட்டி காற்றில்லாமலே ஆடியது. பள்ளிக்கூடம் துரையின் கையில். வாத்தியாரின் வேலையும் துரையின் கையில். அவர் மேட்டைப் பார்த்தார், சின்னத்துரையைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். நாளைக்குத் தீர்ப்பு, இன்றைக்குத் துரையை என் அடுப்படிக்கு அனுப்பினால் அந்தக் கோபமும் சேர்ந்து எங்கள் தலையில்தானே விடியும்? மனுஷன் கேட்டால்தானே. கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை நீட்டினார்.

“ஒரு தேத்தண்ணி!” குரல் கீச்சென்று வந்தது.

சின்னத்துரை அசையவில்லை. மேட்டிலிருந்து பெரியதுரையின் குரல் வந்தது. முப்பது வருஷம் மலையில் இருந்தவர், தமிழ் சரளம்.

“என்னா பாக்குற? போ. தேத்தண்ணி குடி.”

சின்னத்துரை வந்தார். உட்கார நாற்காலி இல்லை. கவிழ்த்துப் போட்டிருந்த தேயிலைப் பெட்டியில் உட்கார்ந்தார். நான் நீலக் கோப்பையை நிரப்பிக் கொடுத்தேன். அவசரமாக ஒரு வாய் வைத்தவர் “ப்பூ” என்று துப்பினார்.

“இது என்ன?”

“தேத்தண்ணிங்க தொரை. நம்ம தோட்டத்துத் தூளுங்க.”

அவர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். தன் தோட்டத்தில் இப்படி ஒன்று முளைக்கிறது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கோப்பையை என்னிடம் நீட்டி, “சூடு. ஆத்து” என்றார்.

“ஆத்தக் கூடாதுங்க தொரை. ஊதலாங்க.”

என்னை முறைத்தார். வாத்தியாரைப் பார்த்தார். பிறகு குனிந்து ஊதத் தொடங்கினார். கன்னம் உப்ப உப்ப ஊதினார். கிட்டத்தில் பார்க்கும்போது எவ்வளவு சின்னப் பையன் என்று தெரிந்தது. என் தம்பி வயசுதான் இருக்கும். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. பாவப்பட்டதற்கு என்மேலேயே எரிச்சலும் வந்தது.

மைதானத்தில் எங்கள் வீட்டுக்காரரை இரண்டு பேர் மாறி மாறி இடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் “பரவால்லீங்க, பரவால்லீங்க” என்று வழிவிட்டுக்கொண்டிருந்தார். சின்னத்துரை ஊதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“உன் புருசன். இன்னைக்கு கோவம் இல்லையா?”

“இருக்குங்க. இன்னைக்கு மட்டும் வீட்டுல வச்சிட்டு வந்திருக்காரு.”

“ஏன்?”

“நாளைக்குப் பத்துச்சீட்டுங்களே தொரை.”

அதோடு என் வாய் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. என் வாய் எப்போது நின்றிருக்கிறது?

“மனுசன அடிச்ச ஒங்களுக்கு ஒரு தேத்தண்ணி. மண்ணுல கத்தியப் போட்டவருக்குப் பத்துச்சீட்டுங்களா தொரை?”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று காதில் விழுந்தது. கேத்தல் கைப்பிடி சுட்டுக்கொண்டிருந்தது, அதுகூடத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். சின்னத்துரைக்கு விளங்கியதா, விளங்கவில்லையா, அதுவும் தெரியவில்லை. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். கோப்பையைக் கவிழ்த்து வாத்தியாருக்குக் காட்டிவிட்டு ஓடினார்.

அவர் கோட்டைத் தாண்டுவதற்குள் பூண்டுலோயாக்காரன் ஒருவன் பந்தோடு வந்தான். எங்கள் வீட்டுக்காரர் மரியாதையாக விலகி நின்றார். கோல். ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அதுதான். பெரியதுரை குடையை மடக்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனார்.

வீடு வந்ததும் நான் கேத்தலையும் கோப்பையையும் சாக்கில் வைத்துக் கட்டினேன். தேத்தண்ணியால் ஆட்டம் போச்சு, வாயால் வீடு போச்சு என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. வாய்த்துடுக்கை அவரிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். “கேட்டது சரிதானே” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பதில் ஒரு பாத்திரத்தை உடைத்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை பெரட்டில் நல்ல பனி. கம்பளியைத் தலைக்குப் போட்டுக்கொண்டு சனம் நின்றது. பெரியதுரை வந்தார், முகத்தில் விஸ்கி போன கவலை அப்படியே இருந்தது. பக்கத்தில் சின்னத்துரை. கணக்கப்பிள்ளை எங்கள் வீட்டுக்காரரை முன்னால் வரச் சொன்னார். பெரியதுரை எதையோ இங்கிலீஷில் கேட்டார். சின்னத்துரை எதையோ சொன்னார். பெரியதுரை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். பிறகு மீசைக்குள் சிரித்ததுபோல் இருந்தது. “உன் ஆளு. நீயே சொல்லு” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நகர்ந்தார்.

சின்னத்துரை ஓரடி முன்னால் வந்தார். ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்திருப்பார்போல, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

“நீ. பெரட்டுக்கு வெளியே போ. ஒரு தேத்தண்ணி. அப்புறம் வேலைக்குப் போ.”

எங்கள் வீட்டுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். கணக்கப்பிள்ளைக்குத்தான் முதலில் விளங்கியது. என் பக்கம் திரும்பி, “என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிற? ஓடு, கேத்தல எடுத்துட்டு வா!” என்று அதட்டினார்.

ஓடினேன். லயத்து வாசலில் சாக்கை அவிழ்த்தேன். கேத்தலைக் காணோம். கடைசியாக வைத்தது கட்டும்போது புரண்டு அடியில் போய்விட்டிருந்தது. பாயை எடுத்து எறிந்தேன். சட்டி, பானை, அரிவாள், அவருடைய நல்ல வேட்டி, என் கலியாணப் புடவை, எல்லாவற்றையும் இழுத்து வெளியே போட்டேன். பக்கத்துக் காம்பராப் பெண் எட்டிப் பார்த்து, “என்னக்கா, கெளம்பியாச்சா?” என்று கேட்டாள். “இல்லடி, தேத்தண்ணி போடுறேன்” என்றேன். அவளுக்கு நான் பைத்தியம் என்று தோன்றியிருக்கும்.

தூளைக் கொதிக்க வைத்துக் கேத்தலோடு திரும்பியபோது சனமெல்லாம் மலைக்குப் போய்விட்டிருந்தது. பெரட்டுக்களத்தின் ஓரத்துக் கல்லில் எங்கள் வீட்டுக்காரர் தனியாக உட்கார்ந்திருந்தார். கணக்கப்பிள்ளை அவசரத்தில் குட்டிபோட்ட பூனையாக நடந்துகொண்டிருந்தார். சின்னத்துரை கைத்தடியை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கோப்பையை நிரப்பினேன். பழக்கதோஷத்தில் இன்னொரு பாத்திரத்தைக் கை தேடியது.

“ஆத்தக் கூடாது” என்றார் சின்னத்துரை. பிறகு கொஞ்சம் யோசித்து, “ஊதலாம்” என்றார். சொல்லிவிட்டு மலைப்பக்கம் ஏறிப் போனார்.

எங்கள் வீட்டுக்காரர் கோப்பையை இரண்டு கையாலும் வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. கணக்கப்பிள்ளை என்னிடம், “என்னம்மா இம்புட்டு நேரம் ஊதுறான்? அம்புட்டுச் சூடா?” என்று கேட்டார்.

“ஆமாங்கய்யா. ரொம்பச் சூடு” என்றேன்.

அந்தப் பனியில் அது எப்போதோ ஆறிப்போயிருந்தது.